பராபவ வருடம் என்ன செய்யும்? வரும் ஆண்டின் கணிப்புகளை எப்படி வாசிப்பது

2026 இல் டொலர் எவ்வளவுக்குப் போகும்? மாகாண சபைத் தேர்தல் வருமா? நகை விலை இறங்குமா? வெளிநாடுகள் இன்னும் ஆட்களை எடுக்குமா? செய்தி எழுதுகிற ஆள் என்று தெரிந்ததால், மார்கழி பிறந்தால் இணுவிலில் எங்கள் ஒழுங்கையில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள் இவை. 'வரும் ஆண்டு எப்படி இருக்கும்' என்று ஒரு கட்டுரை தரும்படி ஆசிரியர்களும் இதே மாதத்தில்தான் கேட்பார்கள்.

யாரும் பொழுதுபோக்குக்காக இவற்றைக் கேட்பதில்லை. மகனை வெளியே அனுப்பக் காணியை இப்போதே விற்பதா, ஆறு மாதம் பொறுப்பதா? அடகில் இருக்கும் நகையை மீட்பதா, வட்டியைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இந்தப் போகத்தில் எத்தனை பரப்பு உருளைக்கிழங்கு நடுவது? ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இப்படி ஒரு முடிவு காத்திருக்கிறது. பதில் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் நாலைந்து வருட உழைப்பு போய்விடும்.

கணிப்புப் பிழைப்பது எங்கள் மக்களுக்குப் புதிதும் அல்ல. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களில் பலர் இரண்டு கிழமையில் திரும்பலாம் என்றே வீட்டைப் பூட்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் தங்கள் காணியைப் பார்த்தார்கள். இன்னும் பார்க்காதவர்களும் இருக்கிறார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு செம்மணி வெளியைக் கடந்தவர்களும் சில நாட்கள் என்றுதான் நினைத்தார்கள். 2009 இன் முதல் மாதங்களில், சர்வதேசம் தலையிடும், கப்பல் வரும் என்ற நம்பிக்கையோடு வன்னியில் பதுங்குகுழிகளில் காத்திருந்தவர்களை நாங்கள் அறிவோம்.

அதனால் 2026 ஐப் பற்றி நான் நினைப்பதைச் சொல்வதற்கு முன், எங்களுக்குச் சொல்லப்படும் கணிப்புகள் எப்படி உருவாகின்றன, எவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பார்ப்போம்.

பஞ்சாங்கம் சொல்வது

யாழ்ப்பாணத்தில் எதிர்காலக் கணிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாண இராச்சியக் காலத்திலேயே செகராசசேகரமாலை என்ற சோதிட நூல் தமிழில் எழுதப்பட்டது. செகராசசேகரன் என்பது ஆரியச் சக்கரவர்த்திகள் சூடிய பட்டப் பெயர். இணுவிலில் ஒரு பிள்ளையார் கோவிலுக்கும் அந்தப் பெயர் இருக்கிறது. இன்று எங்கள் வீடுகளில் இருப்பவை கொக்குவில் இரகுநாதையரின் பெயரால் வழங்கும் வாக்கிய பஞ்சாங்கமும் மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கமும்.

பஞ்சாங்கம் இரண்டு வேறுபட்ட வேலைகளைச் செய்கிறது. முதலாவது வானக் கணக்கு. 2026 மார்ச் 3 அன்று சந்திர கிரகணம். அன்று மாலை யாழ்ப்பாணத்தில் சந்திரன் உதிக்கும்போதே கிரகணம் பிடித்திருக்கும். இதை நூறு வருடங்களுக்கு முன்பே கணித்திருக்க முடியும். நாங்கள் பூமியில் என்ன செய்தாலும் சந்திரனின் ஓட்டம் மாறாது.

இரண்டாவது, அந்தக் கணக்கிலிருந்து நாட்டுக்குப் பலன் சொல்வது. வருடத்தின் தொடக்கப் பக்கங்களில் வரும் நவநாயகர் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இராசா, மந்திரி, சேனாதிபதி, மேகாதிபதி என்று ஒன்பது பதவிகள் கிரகங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்படும். இந்தப் பகிர்வு பெரும்பாலும் கிழமையை வைத்தே நடக்கிறது. சூரியன் குறித்த ஓர் இராசியில் அல்லது நட்சத்திரத்தில் புகும் நாள் எந்தக் கிழமையோ, அந்தக் கிழமைக்குரிய கிரகத்துக்கு அந்தப் பதவி. மரபுக்கு மரபு விதிகள் சிறிது மாறும். 2026 ஏப்ரல் 14 செவ்வாய்க்கிழமை. அன்று சூரியன் மேடத்தில் புகுவதால் ஒரு முக்கிய பதவி செவ்வாய்க்குப் போகும். செவ்வாய் போருக்கும் நெருப்புக்கும் உரிய கிரகம் என்பதால் பலனிலும் அந்த வாடை வரும். கிழமைகள் ஏழுதான். ஏழு வருடங்களுக்கு ஒருமுறையளவில் இதே செவ்வாய்க்கிழமை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

சனிப்பெயர்ச்சி இன்னும் தெளிவான உதாரணம். திருக்கணித முறைப்படி சனி 2025 மார்ச் 29 அன்றே மீனத்துக்குப் போய்விட்டது. வாக்கிய முறைப்படி அது 2026 மார்ச் 6 அன்றுதான் போகிறது. திருநள்ளாறு கோவில் வாக்கிய முறையைப் பின்பற்றுவதால் 2025 இல் அங்கே பெயர்ச்சி விழா நடக்கவில்லை. ஒரே கிரகத்தின் ஒரே பெயர்ச்சிக்கு இரண்டு நாட்கள், இடையில் ஏறத்தாழ ஒரு வருடம். ஆனால் பலன் புத்தகங்கள் இரண்டு முறையும் விற்பனையாகும். ஏழரைச் சனி தொடங்கிவிட்டது என்று ஒருவர் வியாபாரத்தை நிறுத்தியிருப்பார். இன்னும் தொடங்கவில்லை என்று அதே இராசிக்காரர் ஒருவர் கடன் எடுத்திருப்பார்.

பெயரைக் கண்டு பயம்

வரும் சித்திரையில் பிறப்பது பராபவ வருடம். பராபவம் என்றால் தோல்வி, இழிவு. இந்தப் பெயரை வைத்தே யூடியூபில் பயமுறுத்தும் காணொளிகள் வரத் தொடங்கிவிட்டன.

வருடப் பெயர் நாட்டின் நிலையைச் சொல்லும் என்று வாதிடுவோர் காட்டும் மிகப் பெரிய உதாரணம் 1983. அந்த ஆண்டு ஏப்ரலில் பிறந்தது ருத்ரோத்காரி; இரத்தம் கக்குவது என்று பொருள் சொல்வார்கள். ஜூலையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கேட்டவுடன் உடம்பு சிலிர்க்கிற பொருத்தம் இது.

மற்ற வருடங்களையும் அதே கண்ணால் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஐந்து இலட்சம் அளவிலான மக்கள் ஒரே இரவில் தெருவில் நின்ற 1995 இன் பெயர் யுவ. அது இளமையைக் குறிக்கும் பெயர். 2022 இன் பெயர் சுபகிருது, நன்மை செய்வது. அந்த வருடம் பிறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், ஏப்ரல் 12 அன்று, இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சுபகிருதுவில்தான் எரிபொருள் வரிசையில் ஆட்கள் செத்தார்கள். ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. 2009 மே மாதம் விரோதி வருடத்தில் வந்தது. அந்தப் பெயர் தெற்கில் வெற்றிக்கும் எங்களுக்குத் தோல்விக்கும் எப்படி ஒரே நேரத்தில் பொருந்தும் என்று யாரும் விளக்கியதில்லை.

பொருந்திய வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். பொருந்தாததை மறந்துவிடுகிறோம். அறுபது பெயர்களில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கின்றன. எங்கள் கடந்த ஐம்பது வருடங்களில் கெட்டது நடக்காத வருடங்கள் குறைவு. கெட்ட பெயர் எப்போது வந்தாலும் பொருத்தம் கிடைக்கும்.

ஜனாதிபதிகளின் சோதிடர்கள்

இலங்கை அரசியலில் சோதிடம் வீட்டு விடயமாக மட்டும் இருந்ததில்லை. 2009 ஜூனில் சந்திரசிறி பண்டார என்ற சிங்களச் சோதிடர் ஜனாதிபதிக்குப் பதவி போகும் என்று எதிர்வுகூறியதற்காகக் கைது செய்யப்பட்டார். 2010 ஜனவரித் தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷ மீண்டும் வென்றார். 2014 நவம்பரில், தன் பதவிக்காலம் முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே அவர் தேர்தலை அறிவித்தார். அவருடைய சோதிடர் சுமணதாச அபேகுணவர்தன வெற்றி நிச்சயம் என்றார். 2015 ஜனவரி 8 அன்று நடந்த தேர்தலில் மஹிந்த தோற்றார். தோல்வியைச் சொன்னவர் சிறைக்குப் போனார், வெற்றியைச் சொன்னவர் பக்கத்தில் இருந்தார், இரண்டு கணிப்புமே பிழைத்தன.

அப்படியானால் 'மூன்று தேர்தல் முடிவுகளையும் சரியாகச் சொன்னவர்' என்று விளம்பரம் செய்யப்படுகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? எளிமையான கணக்கு. இரண்டு பேர் போட்டியிடும் தேர்தலில் 64 சோதிடர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு பெயரைச் சொன்னால் ஏறத்தாழ 32 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். அடுத்த தேர்தலில் அவர்களில் 16 பேர். மூன்றாவதில் 8 பேர். அந்த எட்டுப் பேரும் தொலைக்காட்சிக்கு வருவார்கள். மற்ற 56 பேரை யாரும் அழைப்பதில்லை.

வருடா வருடம் பகிரப்படும் பாபா வங்காவின் கணிப்புகளும் இந்த வகைதான். பல்கேரியாவைச் சேர்ந்த அந்தப் பெண்மணி 1996 இல் இறந்துவிட்டார். தன் கையால் எதையும் எழுதி வைத்தவரும் அல்லர். ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் வாயில் புதிய வசனங்களை வைப்பவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள்.

தலைவர்களும் குறி சொன்னார்கள்

சோதிடரைக் கேலி செய்கிற எங்களில் பலர் அரசியல் மேடையில் சொல்லப்படும் எதிர்வுகூறலைக் கேள்வி கேட்பதில்லை. 2016 ஆம் ஆண்டுக்குள் அரசியல் தீர்வு வரும் என்று இரா. சம்பந்தன் 2015 இல் சொன்னார். 2024 ஜூன் 30 அன்று அவர் காலமாகும்வரை அது வரவில்லை. 2022 நவம்பரில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, 2023 பெப்ரவரி 4 இன் 75 ஆவது சுதந்திர தினத்துக்குள் இனப்பிரச்சினை தீர்க்கப்படும் என்றார். அந்த நாளும் வந்து போனது.

இந்த இரண்டிலும் ஒரு நல்ல அம்சம் உண்டு: திகதி இருந்தது. அதனால்தான் பிழைத்தது என்று இன்று சொல்ல முடிகிறது. 'விரைவில்', 'காலம் கனியும்', 'சர்வதேசம் பார்த்துக்கொண்டிருக்கிறது' என்று சொல்பவர்கள் ஒருபோதும் பிழைப்பதில்லை, ஏனென்றால் பிழைப்பதற்கு இடம் வைத்துப் பேசுவதில்லை.

வாக்குக் கணிப்புகளும் எங்களைக் கைவிட்டன. 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 27,086 வாக்குகள், சுமார் 7 வீதம். எட்டுக் கிழமைகள் கழித்து நவம்பர் 14 அன்று அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் 80,830 வாக்குகளோடு முதலிடம் பெற்று ஆறு ஆசனங்களில் மூன்றை எடுத்தது. தெற்குக் கட்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் வரும் என்று தேநீர்க் கடையிலோ பத்திரிகைப் பத்தியிலோ சொன்னவர்கள் மிக அரிது. உடனே 'தமிழ்த் தேசியம் முடிந்தது' என்ற அடுத்த கணிப்பு வந்தது. ஆறு மாதம் கூடச் செல்லவில்லை. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கில் இலங்கைத் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது.

அமெரிக்க ஆய்வாளர் பிலிப் டெட்லொக் இதை உலக அளவில் அளந்தவர். 284 நிபுணர்கள் ஏறத்தாழ இருபது வருடங்களில் சொன்ன அரசியல், பொருளாதார எதிர்வுகூறல்களைத் திரட்டி, நடந்தவற்றோடு ஒப்பிட்டு 2005 இல் நூலாக வெளியிட்டார். நிபுணர்களின் சராசரித் திறமை கண்ணை மூடிச் சொல்வதைவிட அதிகம் மேலானதாக இருக்கவில்லை. ஊடகங்களில் பிரபலமானவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பிழைத்தார்கள். பின்னர் அவர் நடத்திய ஆய்வுகளில் நன்றாகக் கணித்தவர்களின் பழக்கங்கள் சாதாரணமானவை: பெரிய கேள்வியைச் சின்னக் கேள்விகளாக உடைப்பார்கள், 'நிச்சயம்' என்று சொல்லாமல் வாய்ப்பை எண்ணால் சொல்வார்கள், புதிய தகவல் வந்தால் எண்ணை மாற்றுவார்கள்.

பொருளாதாரக் கணிப்பு எங்கே பிழைக்கிறது

2021 ஒக்டோபரில் மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால் ஆறு மாத வழிவரைபடம் ஒன்றை வெளியிட்டார். கடனைக் கட்டுவோம், டொலர் வரும், நாணய நிதியத்திடம் போகத் தேவையில்லை என்பது அரசின் எதிர்வுகூறல். அதே காலத்தில் தரமதிப்பு நிறுவனங்கள் இலங்கையைக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தன. டொலர் 203 ரூபாவுக்குள் பிடித்து வைக்கப்பட்டது. 2022 மார்ச் 7 அன்று அந்தப் பிடி விடப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. வழிவரைபடத்தின் ஆறு மாதம் முடிந்து இரண்டு கிழமைக்குள் நாடு கடனை நிறுத்தியது. ரூபாவில் நிலையான வைப்பு வைத்திருந்த ஓய்வூதியர் ஒருவருக்கு இந்தப் பிழையால் போனது எவ்வளவு என்று அவர் வீட்டுச் சமையலறையில் கேட்டால் தெரியும்.

மறுபக்கமும் பிழைத்தது. 2023 ஒக்டோபரில் உலக வங்கி, 2024 இல் இலங்கையின் பொருளாதாரம் 1.7 வீதம் வளரும் என்றது. 2024 ஏப்ரலில் அதை 2.2 ஆக்கியது. ஒக்டோபரில் 4.4 ஆக்கியது. உண்மையில் வளர்ந்தது 5 வீதம். ஆனால் பிழையைத் திருத்தியபோது பழைய எண்ணை மறைக்கவில்லை. எங்கே எவ்வளவு பிழைத்தது என்று நீங்களும் நானும் பார்க்கலாம். (வளர்ச்சி என்றால் தட்டில் சோறு கூடியது என்று பொருளும் அல்ல, 2024 இலும் ஏறத்தாழ நாலில் ஒருவர் வறுமையில் என்பது அதே வங்கியின் மதிப்பீடு.)

பொருளாதாரத்தைக் கணிப்பது கிரகணத்தைக் கணிப்பதைவிடக் கடினமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, யாரும் எதிர்பாராதது வரும். 2025 நவம்பர் 28 அன்று டித்வா புயல் தாக்கியது. அறுநூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டிருக்கிறது. அதே மாதத் தொடக்கத்தில் பாராளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட 2026 வரவுசெலவுத் திட்டத்தின் எண்கள் மூன்று கிழமையில் பழையனவாகின. புயலைச் சில நாட்களுக்கு முன்னரே கணிக்கலாம். ஜனவரியில் எந்த வல்லுநராலும் சொல்ல முடியாது.

மற்றது, மனிதர்கள் கணிப்பைக் கேட்டு நடந்துகொள்வார்கள். எங்கள் செம்மண் தோட்டங்களில் இது எல்லோருக்கும் தெரியும். வரும் மாதம் சின்ன வெங்காயம் விலை ஏறும் என்று எல்லோரும் நம்பி எல்லோரும் நட்டால் விலை இறங்கும். பெற்றோல் முடியப்போகிறது என்று எல்லோரும் நம்பி வரிசையில் நின்றால், முடியாத பெற்றோலும் முடியும். இதற்கு மேல் வர்த்தமானி வேறு. 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி, இறக்குமதி செய்யும் வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் விசேட வியாபாரப் பண்ட வரியை நிதி அமைச்சர் ஒரு வர்த்தமானி மூலம் ஒரே இரவில் கூட்டலாம், குறைக்கலாம். இணுவில் தோட்டக்காரரின் அறுவடை மாதத்தை எந்தக் கிரகத்தைவிடவும் அந்த ஒரு தாள் தீர்மானிக்கிறது.

தகவல் இல்லாத இடத்தில்

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றி எழுதப் போன வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்ட ஒன்று உண்டு. சாத்திரம் பார்த்தோம், உயிரோடு இருக்கிறான் என்றார்கள், தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறான் என்றார்கள், ஆறு மாதத்தில் வருவான் என்றார்கள். ஆறு மாதம் முடிந்ததும் அடுத்த சாத்திரகாரர். அதற்காக நகை விற்ற அம்மாக்கள் இருக்கிறார்கள்.

அவர்களை மூடநம்பிக்கைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய அரசு எதையும் சொல்லவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய தொடர் போராட்டம் ஒன்பதாவது ஆண்டை முடிக்கப் போகிறது. காணாமல் போனோர் அலுவலகம் 2018 முதல் இயங்குகிறது. மகன் எங்கே என்ற கேள்விக்கு இத்தனை வருடத்தில் 'வருவான்' என்றோ 'வரமாட்டான்' என்றோ ஒரு சொல் சொன்னவர் சாத்திரகாரர் மட்டும்தான். தகவலைப் பூட்டி வைத்தால் அந்த இடத்தைக் குறி சொல்பவர்கள் நிரப்புவார்கள். 2022 க்கு முன் மத்திய வங்கியின் உண்மையான கையிருப்பு எவ்வளவு என்று மக்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தால் பலர் வேறு முடிவு எடுத்திருப்பார்கள். அரசிடம் இருக்கும் தடுப்பு முகாம்களின் பதிவேடுகளும் அப்படித்தான்.

நான்கு கேள்விகள்

யார் எதிர்வுகூறினாலும், சோதிடரோ, கட்சித் தலைவரோ, வங்கியோ, நானோ, இந்த நான்கையும் கேளுங்கள்.

என்ன நடக்கும் என்று குறிப்பாகச் சொல்கிறாரா? 'மாற்றம் வரும்' என்பது கணிப்பாகாது.

எப்போதைக்குள்? திகதி இல்லாத கணிப்பைச் சரிபார்க்க முடியாது.

எது நடந்தால் தான் பிழை என்று ஒத்துக்கொள்வார்?

பிழைத்தால் செலவு யாருக்கு? வெளிநாட்டு முகவர் 'மார்ச்சுக்குள் விசா நிச்சயம்' என்கிறார். பிழைத்தால் போவது உங்கள் காணி. அவருடைய தரகு அவரிடம் இருக்கும். இப்படி நட்டம் முழுவதும் ஒரு பக்கம் விழும் இடத்தில் கணிப்பைப் பாதி விலைக்கும் எடுக்காதீர்கள்.

2026: என் கணிப்புகள்

மேலே சொன்ன அளவுகோலுக்கு நானும் உட்பட்டவன். எனவே எண்ணோடும் திகதியோடும் தருகிறேன். எல்லாம் 2026 டிசம்பர் 31 இற்குள் நடப்பவை. இவை தகவலை வைத்து நான் போடும் மதிப்பீடுகள் மட்டுமே.

1. மாகாண சபைத் தேர்தலுக்கு வாக்களிப்பு நடக்க நாலில் ஒரு வாய்ப்பு. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. தடை 2017 இன் சட்டத் திருத்தமும் அதன் பிறகு தோற்ற எல்லை நிர்ணய அறிக்கையும். அதை நீக்கப் பாராளுமன்றத்தில் சட்டம் வரவேண்டும். ஜூன் முடிவுக்குள் சட்டமூலம் வராவிட்டால் என் எண்ணைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

2. புதிய அரசியலமைப்பு நிறைவேற இருபதில் ஒரு வாய்ப்பு. மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு 150 பேர் போதும். அரசிடம் 159 பேர் இருக்கிறார்கள். எண்ணிக்கை தடையாக இல்லை. விருப்பம் இருக்கிறதா என்பது வரைவு வெளிவரும்போதுதான் தெரியும்.

3. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்பட ஐந்தில் இரண்டு வாய்ப்பு. நீக்கப்பட்டாலும் அதன் இடத்தில் வரும் சட்டத்தில் தடுப்புக்காவல் எத்தனை நாள் என்ற ஒரு வரியைத் தேடி வாசியுங்கள்.

4. டிசம்பர் இறுதியில் டொலர் 300 இற்கும் 340 இற்கும் இடையில் இருக்க நாலில் மூன்று வாய்ப்பு. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் 2025 இல் 700 கோடி டொலரைத் தாண்டியது. இது ரூபாவைத் தாங்குகிறது. புயலுக்குப் பின்னான மீள்கட்டுமான இறக்குமதியும் வாகன இறக்குமதியும் கீழே இழுக்கும். மத்திய வங்கி மாதாமாதம் வெளியிடும் கையிருப்பு எண்ணைப் பாருங்கள். மூன்று மாதம் தொடர்ந்து இறங்கினால் என் கணிப்பை விட்டுவிடுங்கள்.

5. 2022 ஐப் போன்ற எரிபொருள் வரிசை திரும்ப வர இருபதில் ஒரு வாய்ப்பு. நாணய நிதியத்தின் நாலு வருடத் திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது. 2026 முழுவதும் அது நடப்பில் இருக்கும். நிறுத்திய கடன்களைப் பெருமளவில் திருப்பிக் கட்டும் காலம் 2028 இல்தான் தொடங்குகிறது. உண்மையான சோதனை அப்போது. மத்திய கிழக்கில் பெரிய போர் மூண்டு எண்ணெய் விலை இரட்டித்தால் இந்தக் கணக்கும் மாறும்.

6. செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு மீண்டும் நடக்க நாலில் மூன்று வாய்ப்பு. 2025 இல் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் வெளிப்பட்டன, குழந்தைகளுடையனவும் இருந்தன. அகழ்வுக்குத் தேவை நீதிமன்ற உத்தரவும் நிதியும், மழை நீர் வடிவதும். ஆனால் மரபணுச் சோதனையால் ஒருவரையாவது அடையாளம் கண்டு அவருடைய குடும்பத்துக்கு அறிவிக்க பத்தில் ஒரு வாய்ப்புக் கூட இல்லை என்றே நினைக்கிறேன். குடும்பங்களின் மரபணு மாதிரிகளைச் சேகரிக்கும் வேலை முறையாகத் தொடங்கினால் இந்த எண்ணை உயர்த்துவேன். இந்தப் பட்டியலில் நான் பிழைக்கவேண்டும் என்று விரும்பும் கணிப்பு இதுதான்.

காணி விற்பதா, நகையை மீட்பதா என்று கேட்டவர்களுக்கு என்னால் தரக்கூடிய பதில் குறுகியது. ஒரே கணிப்பின் மேல் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். டொலர் 300 ஆனாலும் 340 ஆனாலும் தாங்கக்கூடிய முடிவு எது என்று பாருங்கள். எட்டுப் பரப்பிலும் உருளைக்கிழங்கு நடுவதைவிட ஐந்தில் கிழங்கும் மூன்றில் வேறு பயிரும் வைத்தால், வர்த்தமானி எந்தப் பக்கம் வந்தாலும் அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் கையில் காசு இருக்கும். விசா வருவதற்கு முன் முழுப் பணத்தையும் கேட்கும் முகவரிடம் போகாதீர்கள்.

தைப்பொங்கலுக்கு அரசியல்வாதிகள் ஊருக்கு வருவார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். எந்த வழி, எத்தனையாம் திகதிக்குள் என்று எழுந்து நின்று கேளுங்கள். சொன்னால் நாட்காட்டியில் அந்தத் திகதிக்கு நேரே எழுதி வையுங்கள். மேலே உள்ள என் ஆறையும் பக்கத்தில் எழுதி வைத்து, அடுத்த மார்கழியில் எல்லோருக்கும் சேர்த்தே சரி பிழை போடுங்கள்.